கனெக்ட் ஆச்சா, சம்பா?

எங்கள் தொழிலில் எவ்வளவு பெரிய வேலையும் ஒரு சின்னக் கேள்வியில்தான் தொடங்கும், பல நாள் அந்தக் கேள்வியிலேயே நின்றும் போகும்: "கனெக்ட் ஆச்சா?"

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு இணையதளத்தைத் திறக்கிறீர்கள். அதன் பின்னால் ஸ்கிரிப்ட் என்று ஒன்று ஓடுகிறது. பெயர், விலாசம், விலை, மார்க் எல்லாம் டேட்டாபேஸ் என்ற வேறோர் இடத்தில் இருக்கின்றன. ஸ்கிரிப்ட் அங்கே போய்க் கதவைத் தட்டி, தன் பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்லி, உள்ளே நுழைந்து, கேட்டதை எடுத்துவர வேண்டும். உள்ளே போனதா, வாசலிலேயே நிற்கிறதா என்று பார்ப்பது என் வேலை. "எம் மவ கம்ப்யூட்டர்ல கதவத் தட்டுதா" என்று அம்மா, ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லுவாள். அதற்கு மேல் துல்லியமாக நானும் சொன்னதில்லை.

இதைப் படிக்கிறவர்களில் குழாய் ரிப்பேர்க்காரர், டெலிபோன் லைன்மேன், மிக்ஸி சரிசெய்கிறவர் யாராவது இருந்தால், நீங்களும் நம்ம கட்சிதான். "காலைல நல்லாத்தானே ஓடிச்சு?" என்ற வாக்கியத்தை என்னைப் போலவே நீங்களும் கேட்டுக் கேட்டு நொந்திருப்பீர்கள்.

அப்பா திருநெல்வேலியிலிருந்து துறைமுக வேலைக்காகக் கல்கத்தா வந்தவர். நான் பிறந்தது இங்கே. செண்பகம் என்ற பெயரைப் பள்ளிக்கூடத்திலேயே சம்பா ஆக்கிவிட்டார்கள். அதுவும் அதே பூதான் என்பதால் அப்பா ஆட்சேபிக்கவில்லை. பவானிப்பூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல், மாடியில் எங்கள் ஆபீஸ். இனி இந்தக் கதைகளில் வருகிறவர்கள் பெரும்பாலும் வங்காளத்தில் பேசியவர்கள். தமிழில் சொல்வது நான்.

வெள்ளைத் திரை

சேர்ந்த புதிதில் முதலாளி நிர்மல் பாபு எனக்குக் கொடுத்த முதல் வேலை, ஸ்கிரிப்ட் டேட்டாபேஸைத் தொடுகிறதா என்று சோதித்துக் காட்டுவது. காலையில் உட்கார்ந்தேன். தொட முடியாவிட்டால் "முடியவில்லை" என்று திரையில் எழுதச் சொல்லி ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன். முடிந்தால் என்ன செய்வது என்று அதற்கு நான் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் நிர்மல் பாபு டீக் கோப்பையோடு வந்து என் பின்னால் நின்றார். திரை வெள்ளை வெளேரென்று இருந்தது.

"என்ன இது?" என்றார். "கனெக்ட் ஆயிடுச்சு சார்." "எங்கே?" "ஆகலைன்னா திட்டும் சார். திட்டலை. அப்படின்னா ஆயிடுச்சுன்னு அர்த்தம்." அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடியும் அந்த வெள்ளையைப் பார்த்தார். பக்கத்து மேஜையில் இருந்த தேபுதா திரும்பினார். எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவர் அவர்; யாரையும் புண்படுத்தாமல் தப்பைச் சொல்லத் தெரிந்தவர். "அப்பா திட்டலைன்னா மார்க் ஷீட்டைப் பாத்துட்டார்னு அர்த்தமா சம்பா? பாக்கவே இல்லைன்னும் இருக்கலாமே" என்றார். அப்படித்தான் இருந்தது. என் ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை. வேறு ஏதோ ஒரு காலிப் பக்கத்தை நாள் முழுக்கத் திறந்து திறந்து பார்த்திருக்கிறேன்.

அதைச் சரிசெய்து, தொட முடிந்தால் "கனெக்டட்" என்று எழுதும்படி இன்னொரு வரியும் சேர்த்தேன். அந்த ஒற்றை வார்த்தை திரையின் மூலையில் வந்து நின்றபோது, பிறந்த குழந்தையைப் பார்ப்பது போல மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். நிர்மல் பாபு ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார். "நல்ல செய்தின்னா அதை வாயைத் திறந்து சொல்லணும் சம்பா. எங்க வீட்டுலயும் இதேதான் பிரச்சினை."

லைன் பிஸி

அப்போதெல்லாம் இன்டர்நெட்டும் டெலிபோனும் ஒரே கம்பியில். எங்கள் தளங்கள் அமெரிக்காவில் எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் இருந்தன. கனெக்ட் ஆகிறதா என்று பார்க்க, மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி லைனைப் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு அந்த லைனில் வேறு யாரும் பேச முடியாது. இதை எல்லாரையும்விட நன்றாக அறிந்தவர் தேபுதா.

அவர் மனைவிக்கு வலி எடுத்த அன்று அவர் ஆபீசுக்கு வந்தார். "நீ இங்கே நின்னு எல்லாரையும் பயமுறுத்தாதே. ஆபீசுக்குப் போ. பிறந்ததும் போன் பண்றேன்" என்று மாமியார் நர்சிங் ஹோமிலிருந்து துரத்திவிட்டிருந்தார். டெலிபோனைத் தன் மேஜைக்கு நகர்த்தி வைத்துக்கொண்டார். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று ஒரு ஸ்கிரிப்டை எடுத்துச் சோதிக்க ஆரம்பித்தார். நாங்கள் இருமக்கூட இல்லை. போன் அடிக்கவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தது; அடிக்கவில்லை. நிர்மல் பாபு காளி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றினார், அடிக்கவில்லை. ரிசீவரை எடுத்துப் பார்க்கவும் தேபுதாவுக்குப் பயம். எடுக்கிற அந்த நொடியில் கூப்பிட்டுவிட்டால்?

மூன்று மணி போல அவர் மாமியாரே மாடிப்படி ஏறி வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை, கையில் ரசகுல்லா மண்பானை. தேபுதா எழுந்து நின்றார். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார் அந்த அம்மாள். தேபுதா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்து, "ஏன் போன் பண்ணலை மா?" என்று கேட்டபோதுதான் நாங்கள் எல்லாரும் மோடத்தைப் பார்த்தோம். அதன் பச்சை விளக்குகள் காலையிலிருந்து அமெரிக்காவோடு சந்தோஷமாக மினுங்கிக்கொண்டிருந்தன. "காலையிலேருந்து பண்றேன், லைன் பிஸி. நல்லவேளை, உன் பொண்ணு உன்னை மாதிரி இல்லை. போன் வரட்டும்னு உக்காந்திருக்கலை."

அந்த வார்த்தை வேண்டாம்

சியாம்பஜாரில் ஒரு ஹோமியோபதி டாக்டர். வயதானவர், மெல்லிய குரல். எந்த நாளில் எந்த மருந்துக்கடையில் உட்காருவார் என்பதை நோயாளிகள் தெரிந்துகொள்ள ஒரு தளம் வேண்டும் என்றார். அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து யோசனை சொல்லியிருந்தானாம். குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, நான் எழுத எழுதப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். டேட்டாபேஸைத் தொடும் வரியின் கடைசியில் "ஆர் டை" என்று எழுதுவது எங்கள் வழக்கம். தொடு, முடியாவிட்டால் செத்துப்போ என்று ஸ்கிரிப்டுக்கு உத்தரவு. நானும் ஆயிரம் தடவை யோசிக்காமல் எழுதிய வார்த்தை. டாக்டர் அதன்மேல் விரலை வைத்தார். "இது என்னம்மா?" சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "என் பேர்ல இருக்கற இடத்துல இந்த வார்த்தை இருக்கணுமா?" என்றார். யார் கண்ணுக்கும் தெரியாது, உள்ளேதான் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "எனக்குத் தெரியுமே" என்றார். பல வருஷமாக அவரிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண் அந்த வாரம்தான் இறந்திருந்தாள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

தேபுதாவைக் கேட்டேன். "'எக்ஸிட்'னு போடு. ரெண்டும் ஒண்ணுதான், அதே வேலையைத்தான் செய்யும்" என்றார். மாற்றினேன். வேண்டுமென்றே தப்புப் பாஸ்வேர்டு கொடுத்து ஓட்டிக் காட்டினேன். "டாக்டர் பாபு இப்போது இல்லை, சற்றுப் பொறுத்து வாருங்கள்" என்று வங்காளத்தில் எழுதிவிட்டு ஸ்கிரிப்ட் மரியாதையாக வெளியேறியது. டாக்டர் அதை இரண்டு முறை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். இன்றுவரை நான் எழுதுகிற எதிலும் அந்தப் பழைய வார்த்தை கிடையாது. டாக்டர் குடையை எடுத்துக்கொண்டு சொன்னார்: "இது சரி. வெளியே போனவன், குடையை மறந்துட்டேன்னாவது திரும்பி வருவான்."

மறுத்தது யார்?

கரியாஹாட்டில் பிரதிமாதி (இங்கே அக்காவைத் தீதி, தி என்பார்கள்) என்ற பெண்மணி கல்யாணத் தகவல் நிலையம் நடத்திவந்தார். பெண், பையன் விவரங்களையெல்லாம் தளத்தில் ஏற்றிக் கொடுத்திருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தளத்தை வைத்திருந்த கம்பெனிக்காரர்கள் எங்களுக்குச் சொல்லாமலே பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். எந்தப் பெண்ணின் பக்கத்தைத் திறந்தாலும் ஆங்கிலத்தில் பெரிதாக "ஆக்ஸஸ் டினைட்" என்று வந்தது. அனுமதி மறுக்கப்பட்டது.

திங்கட்கிழமை காலை பிரதிமாதி கூப்பிட்டார். "சம்பா, உடனே வா. இவர்கிட்ட என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை." போனேன். சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்க்கும் ஒருவர், யூனிபார்மோடு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மகனுக்குத் திக்குவாய். நல்ல வேலை, நல்ல குணம்; ஆனால் பெண் பார்க்கப் போகிற வீடுகளில் பையன் வாயைத் திறந்ததும் பேச்சு நின்றுவிடும். இந்தத் தடவை போட்டோவைப் பார்த்து அவன் முதல்முறையாக ஒரு பெண்ணைத் தானே காட்டியிருந்தான். அப்பா சைபர் கஃபேயில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். மறுக்கப்பட்டது. "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லட்டும் தீதி. பேரைக்கூடப் பாக்கக் கூடாதுன்னு கதவைச் சாத்தற அளவுக்கு எங்க பையன் என்ன செஞ்சுட்டான்?" என்று என்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கையைக் கூப்பிக்கொண்டு கேட்டார்.

புதிய பாஸ்வேர்டை வாங்கி ஸ்கிரிப்டில் போட்டேன். அவர் முன்னாலேயே பக்கம் திறந்தது. பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு வீட்டுக்கு இது எதுவுமே தெரியாது சாச்சா. மறுத்தது கம்ப்யூட்டர். அதுவும் உங்களை இல்லை, என் ஸ்கிரிப்டை" என்றேன். அந்தப் பெண்ணோடு கல்யாணம் ஆனதா என்று கேட்பீர்கள். இல்லை. அடுத்த குளிர்காலத்தில் வேறொரு பெண்ணோடு ஆனது. பத்திரிகையோடு வந்து பையனே எங்களைக் கூப்பிட்டான், மெதுவாக, முழு வாக்கியமாக. அப்பா அன்று காலை எழுந்து போகும்போது சொன்னது இது: "கம்ப்யூட்டர்தானா? அது சொல்லிட்டுப் போகட்டும். அதுக்கு எங்க பையனைத் தெரியாதே."

மெஷின்களுக்கு லீவு

ஹவுராவில் லேத் பட்டறை வைத்திருந்த தத்தா பாபு, தன் சாமான்களின் விலை டேட்டாபேஸைத் தன் பட்டறைக் கம்ப்யூட்டரிலேயே வைத்திருந்தார். ஒரு நாள் காலை முதல் ஸ்கிரிப்ட் அதைத் தொடவில்லை. போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. ஒரு பெரிய ஆர்டர்க்காரர் அன்று விலை பார்க்கக் காத்திருக்கிறார் என்று நிர்மல் பாபு என்னை விரட்டினார். படகுத்துறையில் நிற்கும்போது வானம் முழுக்கப் பட்டம். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். விஸ்வகர்மா பூஜை; நம் ஆயுத பூஜை போல, இங்கே பட்டமும் விடுவார்கள்.

பட்டறையில் எல்லா மெஷின்களையும் துடைத்துப் பொட்டு வைத்திருந்தார்கள். ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி அதன் தலைமேலேயே வைத்திருந்தார்கள். "தத்தா பாபு, இதை நிறுத்தினா உங்க விலை யாருக்கும் தெரியாது" என்றேன். "லேத்துக்கு லீவு, டிரில்லுக்கு லீவு. வருஷம் பூரா உழைக்கற இதுக்கு மட்டும் இல்லைன்னா அது என்னைப் பத்தி என்ன நினைக்கும்?" என்றார். ஆர்டர்க்காரருக்கு நானே போன் செய்து, மெஷின் பூஜையில் இருக்கிறது, நாளைக்கு வரும் என்றேன். அவர் பட்டறையிலும் அதே பூஜைதானாம்; சிரித்துவிட்டார். கிளம்பப் பார்த்தேன். தத்தா பாபு வாழையிலையில் கிச்சடியும் பொரியலும் வைத்து என் முன் நகர்த்தினார். "உங்க கையும் மெஷின்தானே தீதி? இன்னிக்கு அது சாப்பிடறதோட நிறுத்திக்கட்டும்."

ரிசல்ட் நாள்

நர்சிங் பயிற்சிக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்கும் ஒரு நிறுவனத்துக்காக ரிசல்ட் தளம் செய்திருந்தோம். முடிவு வெளியான காலையில் எல்லாரும் ஒரே சமயத்தில் திறந்தார்கள். டேட்டாபேஸுக்கு ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் நுழையலாம் என்று கணக்கு உண்டு. அதற்கு மேல் வந்தவர்களுக்கு "தொடர்புகள் அதிகம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கதவை மூடிவிட்டது. நாங்கள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பாருய்பூரிலிருந்து ரயிலேறி இரண்டு பெண்கள் எங்கள் மாடிக்கே வந்துவிட்டார்கள். தளத்தின் அடியில் "வடிவமைப்பு" என்று எங்கள் விலாசம் இருந்ததாம். தங்கை ரேகா பரீட்சை எழுதியவள். அக்கா கூட வந்தவள்.

வெளியே கதவு மூடியிருந்தாலும், உள்ளே இருந்த எங்களால் டேட்டாபேஸை நேராகப் பார்க்க முடியும். ரேகா தன் நம்பரைச் சொன்னாள். தேர்வானவர்களில் இல்லை. நம்பர் தப்பாக இருக்குமோ என்று பெயரைப் போட்டுப் பார்த்தேன். இல்லை. என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் மூச்சுவிடுவது கேட்டது. டாக்டர்கள் கெட்ட செய்தியை எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. நாற்காலியைத் திருப்பி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தடவை வரலைம்மா" என்றேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரேகா கொஞ்ச நேரம் அழுதாள். தேபுதா கீழே போய், மண்கோப்பையில் டீயும் பிஸ்கட்டும் வாங்கிவந்து அவர்கள் முன் வைத்தார். டீ முடிந்ததும், அடுத்த பரீட்சை எப்போது என்று அவளே கேட்டாள். தேடி எடுத்துச் சொன்னேன்.

அடுத்த வருஷம் நாங்கள் கெட்டிக்காரர்கள் ஆகியிருந்தோம். தளம் அன்று ஒரு தடவைகூடத் திணறவில்லை. யாரும் மாடி ஏறி வரவில்லை. மத்தியானம் ஆபீஸ் போன் அடித்தது. "தீதி, நான் ரேகா. பாருய்பூர். வந்துடுச்சு தீதி, என் பேர் வந்துடுச்சு!" எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சமாளிக்க, "தளம் நல்லா வேலை செஞ்சுதுல்ல?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். அதெல்லாம் நன்றாகத்தான் செய்தது என்றாள். "அப்புறம் எதுக்கும்மா எனக்குப் போன்?" என்றேன். "போன தடவை நீங்கதானே எனக்குச் சொன்னீங்க? இந்தத் தடவை நான் உங்களுக்குச் சொல்லணும்ல?"

ஓ நெகட்டிவ்

பேஹாலாவில் ஒரு பாடா கிளப், அதாவது பேட்டை மன்றம். அந்தப் பேட்டைப் பையன்கள் கேரம் ஆடுவதோடு நிற்காமல், ரத்ததானம் செய்கிறவர்களின் பெயர், வகை, போன் எல்லாம் சேர்த்து ஒரு தளம் கேட்டார்கள். காசு வாங்காமல் செய்துகொடுத்தோம். வகையைத் தேர்ந்தெடுத்தால் ஆட்களின் பெயர் வரும், அவ்வளவுதான். எங்கள் தளங்களிலேயே எளிமையானது அது. ஒரு சனிக்கிழமை, தளத்தை வைத்திருந்தவர்கள் டேட்டாபேஸை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்கிரிப்ட் பழைய வாசலிலேயே போய்த் தட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் சரியாகும் என்றார்கள். சரி என்று விட்டிருந்தேன்.

பதினோரு மணிக்கு ஒரு போன். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பேசுகிறார், பெயர் சுகுமார். மகளுக்குத் தலசீமியா, மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். அன்று ஓ நெகட்டிவ் அங்கே இல்லை. தளம் திறக்கவில்லை, கிளப்காரர்கள் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். "எப்போ சரியாகும் தீதி?" சாயங்காலம் என்று சொல்ல வாயெடுத்தவள், பின்னணியில் ஒரு குழந்தை "பாபா, பாபா" என்று கூப்பிடுவதைக் கேட்டு நிறுத்திக்கொண்டேன். சோதனைக்காக நான் எடுத்துவைத்திருந்த பழைய பிரதி ஒன்று என் கம்ப்யூட்டரில் இருந்தது. ஓ நெகட்டிவ் ஆட்கள் கொஞ்சம் பேர்தான். ஆபீஸ் போனில் நானும் தன் மொபைலில் தேபுதாவும் பாதிப் பாதியாகக் கூப்பிட ஆரம்பித்தோம். ஒருவர் தில்லிக்குப் போய்விட்டார். ஒருவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார். ஒரு வீட்டில் போனை எடுத்த அம்மாள், அவர் இறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னார்; மன்னிக்கணும் என்றேன், ஆனால் அவரே, "யாருக்கும்மா ரத்தம்? குழந்தைக்கா? கிடைச்சுடும்மா" என்று சொல்லிப் போனை வைத்தார்.

தேபுதா திடீரென்று கையை உயர்த்தினார். அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்த நியூ டவுனில் கட்டட இன்ஜினியர் ஒருவர் போனை எடுத்துவிட்டார். எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும்தான் கேட்டாராம். பூட்ஸெல்லாம் சிமெண்டோடு வந்து படுத்துக் கொடுத்துவிட்டு, மேல் தளம் கான்கிரீட் போடுகிறார்கள் என்று உடனே ஓடிவிட்டதாகச் சுகுமார் பிறகு சொன்னார். சாயங்காலம் தளம் சரியானது. ஸ்கிரிப்டுக்குப் புது விலாசம் கொடுத்து, "கனெக்டட்" என்று பார்த்துவிட்டு, சுகுமாருக்கு நானே போன் செய்தேன். இனிமேல் பயமில்லை, தளம் ஓடுகிறது, எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்று சொன்னேன். மகள் தூங்குகிறாள் என்று கிசுகிசுப்பாகப் பேசினார். "நல்லது தீதி, ஓடட்டும். ஆனா உங்க நம்பரை நான் அழிக்க மாட்டேன்."

சீதாராமன் மாமா

லேக் மார்க்கெட் பக்கம் சீதாராமன் மாமா இருந்தார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி விஜயா மாமி இங்கே ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். மாமி காலமானபிறகு, உலகம் முழுக்க இருக்கும் பழைய மாணவிகள் சேர்ந்து, எங்களிடம் சொல்லி மாமி பெயரில் ஒரு தளம் வைத்தார்கள். ஒரு போட்டோ, கீழே யார் வேண்டுமானாலும் எழுதுகிற விருந்தினர் பக்கம். வேறொன்றும் கிடையாது. "மிஸ், உங்களால்தான் பின்னம் புரிந்தது" என்று யாராவது எழுதுவார்கள். "மிஸ் எறிந்த சாக்பீஸ் என் நெற்றியில் பட்டது, இன்றும் பெருமை" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். மாமா தினம் காலையில் காபி போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திறப்பார். பேப்பர் படிப்பது அதற்குப் பிறகுதான்.

ஒரு நாள் காலை எனக்குப் போன். "செண்பகம், எல்லாம் போயிடுத்தும்மா." கல்கத்தாவில் என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள், எங்கள் வீட்டை விட்டால், அவர் ஒருத்தர்தான். ஆபீசுக்குப் போகாமல் நேரே அங்கே போனேன். போட்டோ இருந்தது, அதன் கீழே வெறும் வெள்ளை. மாமா நின்றுகொண்டே இருந்தார். "அவா எழுதினதெல்லாம் அழிஞ்சுடுத்தா?" என்று கேட்டார். சோதித்துப் பார்த்தேன். ஸ்கிரிப்ட் டேட்டாபேஸைத் தொடவில்லை. "இல்லை மாமா. எல்லாம் அப்படியே அங்கேயே இருக்கு. ஒரு எழுத்துகூட அழியலை. இப்போ நம்மால தொட முடியலை, அவ்வளவுதான்" என்றேன். "நிச்சயமா?" "நிச்சயமா மாமா." அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார். எனக்குக் காபி கலந்து கொடுத்தார். பதற்றத்தில் சர்க்கரை போட மறந்திருந்தார்; நானும் சொல்லவில்லை.

மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. இரவோடு இரவாக யாரோ ஒருத்தி புதிதாக ஒன்றும் எழுதியிருந்தாள்: தன் மகளுக்கு இப்போது கணக்கு சொல்லித்தருகிறாளாம், தானும் சாக்பீஸ் எறிந்தாளாம், குறி தப்பிவிட்டதாம். மாமா அதை எனக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டிச் சிரித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, போய்ட்டு வரேன் மாமா என்றேன். சரி என்று தலையாட்டினார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், சாத்தவில்லை. "காலம்பற ஒண்ணு சொன்னியே, எல்லாம் அங்கேயே இருக்கு, நம்மால தொட முடியலை, அவ்வளவுதான்னு... அதை இன்னொரு தடவை சொல்லிட்டுப் போம்மா."

எனக்கு இத்தனை பேரைத் தெரியவைத்தது கனெக்ட் ஆகாத அந்தக் கோளாறுதான் என்பதால், அது இனிமேல் வரவே வராமல் செய்யும் வழி உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், தயவுசெய்து என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.